டிரான்ஸ்ஃபார்மரின் மீதி ஆயுள்

சாவிக்காரர் வீட்டு மின்கட்டண ரசீதில், கீழே பொடி எழுத்தில், 'வருமான வரி' என்று ஒரு தொகை பல வருடங்களாக இருந்துவந்தது. அவர் அதைக் கவனித்ததே இல்லை. ரசீது வந்தால் மனிதர்கள் பார்ப்பது மொத்தத் தொகையை மட்டும்தான். அதைப் பார்த்த பிறகு மற்றதைப் பார்க்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

கண்டுபிடித்தது அவர் மனைவி. பேருந்து நிலையத்தில் கம்பிக்கூண்டுக்குள் உட்கார்ந்து ஆயுள் முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள். தெருவே அவளை டிக்கெட்டம்மா என்றுதான் கூப்பிடும். சில்லறையில் ஒரு காசு குறைந்தாலும் பேருந்தையே நிறுத்திவைக்கிற கை அது. இப்போது நுரையீரல் இரண்டும் கைவிரித்துவிட, மூன்றாவது மாடி வீட்டில் கட்டிலோடு கிடந்தாள். மூக்கில் ட்யூப், ட்யூபின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின். அந்த மெஷின் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து அவளுக்குக் கொடுக்கும். சாவிக்காரரின் சட்டைப்பையிலிருந்து பணத்தைப் பிரித்து மின்சார நிறுவனத்துக்குக் கொடுக்கும். ராப்பகலாக இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்தது.

"ஏங்க, நமக்கு வருமானமே இல்லையே. வருமான வரி மட்டும் எப்படிங்க வந்துது?"

"அது நம்ம வரி இல்லம்மா. கரண்ட் கம்பெனியோட வரி."

"கம்பெனியோட வரிய கம்பெனி கட்டாதா?"

"கட்டும். நாம குடுத்தா கட்டும்."

"நாமதான் குடுத்துட்டே இருக்கோமே. அவங்க கட்டினாங்களா?"

சாவிக்காரருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை விசாரிக்க அவர் கிளம்பியிருக்கவும் மாட்டார், வீட்டில் ஒரு பெரிய கவலை இல்லாமல் இருந்திருந்தால். கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. போனால் மெஷின் நின்றுவிடும். அந்த நேரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அது ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய காரியம். ஒரு நல்ல இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் என்றைக்காவது வம்பாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவிக்காரர் தெருமுனைப் பெட்டிக்கடையில் மாற்றுச் சாவி வெட்டிக் கொடுப்பவர். அந்த வருமானத்தில் இன்வெர்ட்டர் வாங்க வேண்டுமென்றால் ஊரில் பாதிப் பேர் சாவியைத் தொலைத்தாக வேண்டும். ஜனங்கள் அவ்வளவு மறதிக்காரர்களாக இல்லை.

ஆகவே அவர் மின்சார நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் அவரை மேலே, 'வரி விளக்க அதிகாரி' என்று பலகை மாட்டிய அறைக்கு அனுப்பினாள். அதிகாரி நல்ல மனிதர். அதுவரை அந்த அறைக்கு விளக்கம் கேட்டு ஒருவரும் வந்ததில்லை போலிருக்கிறது. நாற்காலியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து உட்காரச் சொன்னார்.

"நீங்க கட்டினது வரிதான். அதுல சந்தேகமே வேண்டாம்."

"அத கவர்மென்டுக்குக் கட்டிட்டீங்களா சார்?"

"கட்டல," என்றார் அதிகாரி பெருமையாக. "கட்டலங்கறதுக்காக அது வரி இல்லன்னு ஆயிடுமா? இப்ப பாருங்க, நாங்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கறோம். அது மெதுவா, அம்பது வருஷத்துல தேயும்னு உங்ககிட்ட சொல்றோம். அதே டிரான்ஸ்ஃபார்மர் வேகமா, பத்தே வருஷத்துல தேஞ்சு முடிஞ்சுடும்னு வரி ஆபீஸ்ல சொல்றோம்."

"ரெண்டுல எது சார் நிஜம்?"

"ரெண்டுமே சட்டம்."

சாவிக்காரர் தலையாட்டினார். புரியாதபோது தலையாட்டுவது அவருக்குக் கடையில் வந்த பழக்கம்.

"உங்ககிட்ட சொல்ற கணக்குல எங்களுக்கு லாபம் நிறைய. லாபம் நிறையன்னா வரி நிறைய. அத உங்ககிட்ட வாங்கிக்கறோம். அங்க சொல்ற கணக்குல தேய்மானம் போக லாபமே கொஞ்சம்தான். அதனால வரியும் கொஞ்சம். அத அங்க கட்டிடறோம். நடுவுல நிக்குதே ஒரு வித்தியாசம், அதுக்குப் பேரு தள்ளிவெச்ச வரி. ஒருநாள் கட்டிடுவோம்."

"என்னிக்கு சார்?"

"டிரான்ஸ்ஃபார்மருக்கு வயசானா கட்டித்தான் ஆகணும். ஆனா அதுக்குள்ள புதுசா நாலு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிடுவோம்ல? அப்ப அதுகளுக்கான வரியத் தள்ளிவெப்போம்." சொல்லிவிட்டு, சொந்தக் குழந்தையின் குறும்பைச் சொன்னவர் போலச் சிரித்தார்.

சாவிக்காரர் எழுந்துகொண்டார். அதிகாரி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நல்ல சமயத்தில்தான் வந்திருக்கிறீர்கள் என்றார். அரசாங்கம் வரி விகிதத்தைக் குறைத்துவிட்டதாம். அதனால் தள்ளிவைத்த வரியில் ஒரு பகுதியை நிறுவனம் இனி எந்தக் காலத்திலும் கட்ட வேண்டியதில்லையாம். அதை வாடிக்கையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்போகிறார்களாம். அதிகாரி கணினியில் தட்டிப் பார்த்து அவர் பங்கைச் சொன்னார். மெஷின் வருடக்கணக்காக ஓடியதால் பங்கும் பெரிதாக இருந்தது. இன்வெர்ட்டரும் வாங்கலாம், பேட்டரியும் வாங்கலாம், ஏற்றுக்கூலியும் கொடுக்கலாம். இந்த இரைச்சலான ஊரில், இத்தனை பெரிய கட்டடத்துக்குள், தன் மனைவியின் மூச்சுக்காக யாரோ ஒருவர் இத்தனை நாளும் பணம் சேர்த்து வைத்திருந்தது போல சாவிக்காரருக்குத் தோன்றியது.

"எப்ப சார் குடுப்பீங்க?"

"அடுத்த ரசீதுலேயே ஆரம்பிச்சுடுவோம். எந்தச் சொத்துக்காக வாங்கினமோ அந்தச் சொத்தோட மீதி ஆயுள் பூரா, கொஞ்சம் கொஞ்சமா. அதான் விதி. உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு..." மறுபடி தட்டிப் பார்த்தார். "இன்னும் முப்பத்தேழு வருஷம் இருக்கு. தீர்க்காயுசு!"

அடுத்த ரசீதில் முதல் தவணை வந்தது. அதில் ஒரு தீப்பெட்டி வாங்கலாம்.

டிக்கெட்டம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, அது அடங்க வெகுநேரம் பிடித்தது. சாவிக்காரர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"முப்பத்தேழு மாசம் தாங்குவேனான்னு டாக்டரே தாடியச் சொறியறாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. டிரான்ஸ்ஃபார்மர் ஆயுசுக்குப் பதிலா என் ஆயுசுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்க. சட்டுனு குடுத்து முடிச்சுடுவாங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் அதை அப்படியே மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

அலுவலகமே ஆடிப்போய்விட்டது. திருடுகிறவர்களை அவர்களுக்குத் தெரியும், கட்டாமல் இழுத்தடிப்பவர்களைத் தெரியும். ஆயுளை மாற்றிக் கேட்டவரை இதுவரை பார்த்ததில்லை. மறுக்க விதி இல்லை, ஒப்புக்கொள்ளவும் விதி இல்லை. மூன்று கூட்டம் போட்டுப் பேசியபின், யாருடைய ஆயுள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆயுள் என்று வந்துவிட்டால் அது ஆயுள் மதிப்பீட்டாளரின் இலாகா என்று முடிவாயிற்று.

மதிப்பீட்டாளர் ஒரு காலை நேரம் சுத்தியல், டார்ச், அளவுநாடா சகிதம் வந்தார். மின்கம்பத்தைத் தட்டிப் பார்த்து அதற்கு மீதி எத்தனை வருடம் என்று எழுதுவதுதான் அவர் தொழில். கட்டிலருகே நின்று, எங்கே தட்டுவது என்று தெரியாமல் விழித்தார். கடைசியில் கட்டில் காலை இரண்டு தட்டுத் தட்டினார்.

"எப்ப நிறுவினது?" என்றார், தாளைப் பார்த்தபடி.

"என்னை இந்த வீட்டுல நிறுவி முப்பத்தஞ்சு வருஷம் ஆகுது," என்றாள் டிக்கெட்டம்மா.

எழுதிக்கொண்டார். "பெரிய பழுது ஏதாவது?"

"ரெண்டு நுரையீரலும்."

"மாத்துப் பாகம்?"

"கிடைக்காதுன்னுட்டாங்க."

அவர் தாளை மடித்தார். அவள் விடவில்லை, ஜன்னலைக் காட்டினாள். கீழே தெருவோரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. அடியில் எண்ணெய் ஒழுகி, நடைபாதையில் கறுப்பாகப் படர்ந்திருந்தது. அது போடுகிற உறுமல் மூன்றாவது மாடிக்கே கேட்டது.

"அதுக்கா முப்பத்தேழு வருஷம்? என்னைவிட மோசமா இளைக்குதே."

"ஒழுகறது கண்ணுக்குத் தெரியுதும்மா. ஆனா எங்க அட்டவணையில ஒழுகல."

"மாத்திடக் கூடாதா?"

"முப்பத்தேழு வருஷம் பாக்கி இருக்கறத எப்படிம்மா மாத்தறது? இன்னிக்கு அது முடிஞ்சுபோச்சுன்னு நான் எழுதினா..." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "அது பேர்ல நிக்கற வரி மொத்தத்தையும் உங்க எல்லாருக்கும் ஒரே தடவைல திருப்பிக் குடுக்கணும். மேல ஒத்துக்குவாங்களா? அதனாலதான் யாரும் அது பக்கம் போறதே இல்ல."

போகும்போது கட்டில் காலுக்கடியில் மடங்கிக் கிடந்த ட்யூபைப் பார்த்தார். குனிந்து அதை எடுத்து நேராக்கிவிட்டு இறங்கிப் போனார். அந்த நிறுவனம் அவளுக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

விஷயம் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போயிற்று. நிறுவனம் மக்களிடம் என்ன வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்று தீர்மானிக்கிற பெரிய இடம் அது. கூடம் நிறைய குளிர். அதற்கான கரண்டும் யாருடைய ரசீதிலோதான் ஏறியிருக்க வேண்டும். சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். நிறுவனத்தின் வக்கீல் எழுந்து உருக்கமாகப் பேசினார்.

"மனுதாரர் இன்றைய வாடிக்கையாளர். அவர் கொடுத்த பணத்தை அவருக்கே, அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் நாளைய வாடிக்கையாளர்களை நினைத்துப் பாருங்கள். இந்த டிரான்ஸ்ஃபார்மரின் முப்பத்தேழாவது வருடத்தில் வாழப்போகிற, இன்னும் பிறக்காத அந்தப் பிஞ்சுகளுக்கு நாம் என்ன மிச்சம் வைக்கிறோம்? பணத்தைக் கொடுத்தவருக்கே பணம் போய்விட்டால் தலைமுறைகளுக்கிடையிலான நீதி என்னாவது? அதுவரை அந்தப் பணத்தை நிறுவனம் சும்மா வைத்திருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதை வைத்துத்தான் நாங்கள் இந்தத் தலைமை அலுவலகத்தைக் கட்டினோம்."

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். ஆணையத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிர்சாதனம் நேரே அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"மனுதாரர் ஏதாவது சொல்கிறீர்களா?"

சாவிக்காரர் எழுந்தார். இரவெல்லாம் யோசித்து எழுதிய தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஐயா, கரண்ட் போனா அவளுக்கு மூச்சு வாங்குது. பேட்டரி வாங்கணும். அவ்வளவுதாங்க."

அது குறிப்பில் ஏறவில்லை. கணக்கு சம்பந்தமில்லாத பேச்சைப் பதிவு செய்வதில்லை என்று தட்டச்சு செய்தவர் பிறகு விளக்கினார்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. தலைவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "மனுதாரரின் மனைவி நிறுவனத்தின் சொத்து அல்லர். ஆகவே அவர் தேய்மானத்துக்கு உட்பட்டவர் அல்லர். தேய்மானத்துக்கு உட்படாத எதற்கும் ஆயுள் முடிவு இல்லை என்பது கணக்கியலின் அடிப்படை. ஆகவே மனுதாரர் அவசரப்படக் காரணம் எதுவும் இருப்பதாக ஆணையம் கருதவில்லை. அவருக்கு எங்கள் வாழ்த்துகள்."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார்.

"என்ன சொன்னாங்க?"

"உனக்குத் தேய்மானமே இல்லையாம். முடிவே கிடையாதாம்."

"அடேங்கப்பா. இது தெரியாம அந்த டாக்டர் இத்தன மாத்திரையக் குடுத்துட்டாரே."

அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். அவ்வளவு பெரிய சிரிப்பு பிறகு அந்த வீட்டில் வரவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பிற்பகலில் வெடித்தது. சாவிக்காரர் கடையில் ஒரு பெண்ணின் பீரோவுக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் என்ன ஏது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி வெட்டிய சாவியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். லிஃப்ட் நின்றுபோயிருந்தது. மூன்று மாடியும் ஏறி உள்ளே போனபோது மெஷின் கீச்கீச்சென்று அபாய ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சிலிண்டரைத் திறந்து மாட்டினார்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டார். போனை எடுத்தவர் தெருவின் பெயரைக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கே சார்."

"வெடிச்சுடுச்சுங்க. தெரு பூரா புகை."

"இல்லையே சார், இன்னும் முப்பத்தாறு வருஷத்துக்கு மேல காட்டுதே. வேற தெருவா இருக்கும், நல்லா பாருங்க."

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாயிற்று. தெரு முழுக்கத் தீயணைப்பு வண்டி. கடைசியில் இரண்டு பேர் ஏறி வந்து அவளை ஒரு நாற்காலியில் வைத்துக் கட்டி, படிக்கட்டில் இறக்கினார்கள். சாவிக்காரர் சிலிண்டரை இடுப்பில் அணைத்துக்கொண்டு கூடவே இறங்கினார். இரண்டாவது மாடி தாண்டும்போது சிலிண்டரின் அளவு காட்டும் முள் அடிமட்டத்தில் கிடந்தது. அவள் அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஏங்க," என்றாள். "கடையப் பூட்டினீங்களா?"

"பூட்டிட்டேம்மா."

அவர் பூட்டவில்லை. ஊருக்கெல்லாம் சாவி செய்துகொடுப்பவரின் கடை அந்தச் சமயம் தெருமுனையில் அகலத் திறந்து கிடந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன பொய்களில் அதுதான் கடைசி. அவள் நம்பிவிட்டாள் என்பதுதான் அவருக்கு இன்றைக்கும் ஒரே ஆறுதல். முதல் மாடிக்கு வந்தபோது, தூக்கியவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் அவசரப்படவில்லை.

புது டிரான்ஸ்ஃபார்மர் மறுநாளே வந்துவிட்டது. பழையது அட்டவணையிலும் ஒருவழியாக முடிந்துபோனதால், அதன் பேரில் நின்ற வரி முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுக்க வேண்டியதாகிவிட்டால் அதை விழாவாகக் கொண்டாடுவதுதானே முறை? தெருவில் பந்தல் போட்டார்கள். நிர்வாக இயக்குநர் புது டிரான்ஸ்ஃபார்மருக்கு மாலை போட்டார். பிறகு பழையதற்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் மௌனம் காத்தார்.

"பதினாலு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று, ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்து, அகாலத்தில் நம்மைப் பிரிந்துவிட்டது," என்றார். "அதன் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது."

அதன் இடத்தில்தான் புதியது நின்றுகொண்டிருந்தது. சாவிக்காரரும் கூட்டத்தோடு எழுந்து நின்றார். மற்றவர்கள் டிரான்ஸ்ஃபார்மருக்காக நின்றார்கள். அவர் யாருக்காக நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடம் அவருக்குப் போதவும் இல்லை.

அடுத்த வாரம் பணத்தை வாங்கக் கவுன்டருக்குப் போனார். எதற்கு வாங்குகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் இருந்திருந்தால், விட்டுவிடாமல் வாங்கிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்குச் சில்லறை பாக்கி பிடிக்காது.

"கையில குடுக்க மாட்டோம் சார்," என்றாள் கவுன்டர் பெண், வருத்தமாகவே. "உங்க கணக்குல வரவு வெச்சிருக்கு. வர்ற ரசீதுல கழிஞ்சுட்டே வரும்." திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "என்ன சார், யூனிட் இவ்வளவு இறங்கிடுச்சு? ஒரு லைட்டும் ஃபேனும்தான் ஓடுது போல. இப்படியே போனா இது கழிய முப்பத்தேழு வருஷம் ஆகும்."

"நான் அவ்வளவு நாள் இருக்கணுமாம்மா?"

"இருங்க சார், அதுக்கென்ன," என்றாள் அவள், நல்ல மனதோடு.

அவர் வீட்டுக்கு வந்தார். வீடு கிணறு மாதிரி அமைதியாக இருந்தது. அத்தனை வருடமும் அந்த மெஷினின் உறுமலில்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார், சண்டை போட்டார். அது நின்ற பிறகு தன் காலடிச் சத்தமே அவருக்குத் திடுக்கென்றது. போர்வையை உதறிக் கட்டிலில் விரித்தார். மெஷினின் தூசியைத் துடைத்து, பிளக்கைச் சொருகி, பொத்தானை அழுத்தினார். அது ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. ட்யூபை எடுத்துத் தலையணையின் மேல், அவள் முகம் இருக்கும் இடத்தில், மடங்காமல் நேராக வைத்தார். பிறகு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுதார். அன்றுதான் அவர் முதன்முதலாக அழுதார்.

அதன்பின் அவர் மெஷினை நிறுத்தவே இல்லை.

ரசீது வந்ததும் கவுன்டருக்குப் போனார். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"பரவாயில்லையே சார்! யூனிட் மளமளன்னு பழையபடி ஏறியிருக்கு. இந்த வேகத்துல போனா சீக்கிரமே கழிஞ்சுடும். வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?"

"புதுசா யாரும் இல்லம்மா," என்றார் சாவிக்காரர், ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே. "எப்பவும் இருக்கறவதான்."